முருகலட்சுமி வாசித்த சத்தங்கள்

முருகலட்சுமிக்கு ஏழு வயது நடக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பல நாள் படுக்கையில் கிடந்து, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தவள் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா வாய மட்டும் அசைக்கிற? சத்தமாச் சொல்லு" என்றாளாம். அம்மா அப்போது வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டுதான் இருந்தாள். காய்ச்சல் போகும்போது மகளின் இரண்டு காதையும் கூடவே கொண்டுபோயிருந்தது.

நல்லவேளையாக அதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டீச்சர் பலகையில் எழுதியதை எல்லாம் படித்தாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னதெல்லாம் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. பஸ்ஸின் போர்டு, உர மூட்டையின் பின்பக்கம், வடை மடித்து வந்த தாள், சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி, எதையும் விடமாட்டாள். ஆட்கள் பேசும்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் தானாகவே கற்றுக்கொண்டாள். அவளும் பேசுவாள். ஆனால் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. புது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

திருச்சுழிக்குத் தெற்கே நெடுங்கரையில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தவசிக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, கிணற்றுத் தண்ணீரில் மிளகாய் போட ஒரு துண்டு நிலம், சில ஆடுகள், ஒரு பசு. பெண் பார்க்க வந்த அன்று, மறைக்க வேண்டாமென்று முருகலட்சுமியின் அப்பா விஷயத்தை உடைத்தே சொன்னார். தவசி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "நானும் அப்படியொண்ணும் பெருசாப் பேசுற ஆளு இல்ல" என்றார். அதை அவர் தலை நிமிர்ந்து, அவளைப் பார்த்துச் சொன்னார். உதடு தெரியும்படி சொன்ன அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இருவரும் தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தவசி ஒரு சின்ன மண்கட்டியை அவள் காலடியில் போடுவார். வீட்டுக்குள் என்றால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். அவள் திரும்பிப் பார்த்ததும் பேசுவார். அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குமேல் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வந்தபோது மகள் ஜெகதீஸ்வரி சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து முருகலட்சுமி டிவி பார்த்தாள். சத்தம் இல்லாமலேதான். பக்கத்து வீட்டு முத்துத்தாய் சாயங்கால நாடகத்துக்கு வந்து உட்காருவாள். திரையில் இரண்டு பெண்கள் நெடுநேரம் பேசிக்கொண்டே இருப்பார்கள். முருகலட்சுமி முத்துத்தாயின் முழங்காலைத் தட்டுவாள்.

"என்ன சொல்றா?"

"சண்டை போடுறா."

"என்ன சண்டை?"

"சொத்துச் சண்டை. இரு, அப்புறமாச் சொல்றேன்."

அந்த அப்புறம் வந்ததே இல்லை. முத்துத்தாயைக் குற்றம் சொல்ல முடியாது. நாடகம் முடிந்தால் அவளுக்கு அடுப்பு வேலை இருந்தது.

அதனால் முருகலட்சுமி தானே கதை கட்டிக்கொண்டாள். ஒரு நாடகத்தில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி அடிக்கடி வந்து கிழவரின் கட்டில் பக்கத்தில் நிற்பாள். அவளைக் கிழவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்று ஒரு வருஷம் போல நம்பியிருந்தாள் முருகலட்சுமி. கடைசியில் அவள்தான் கிழவருக்கு விஷம் வைத்தவள் என்று தெரிந்தது. அப்போது முருகலட்சுமி, "என் கதைதான் நல்லாருந்துச்சு" என்றாள். அவளுடைய கதைகளில் யாரும் காரணமில்லாமல் அழுவதில்லை.

ஜெகதீஸ்வரி படித்து, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போனாள். முதலில் வீட்டுக்குத் தட்டை டிவி ஒன்று வாங்கிப்போட்டாள். பிறகு கேபிள்காரர் சுந்தரபாண்டி நெட்டு லைனும் கொடுக்கத் தொடங்கியதும் அதையும் இழுக்கச் சொன்னாள். போன பொங்கலுக்கு வரும்போது விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து டிவியின் பின்னால் செருகினாள்.

"இது என்னத்தா?" என்றார் தவசி.

"ஸ்டிக்குப்பா. இனிமே எந்தப் படம் வேணுமோ அதப் பாக்கலாம். அவன் போடுறப்பதான் பாக்கணும்னு இல்ல."

"இத்துனூண்டுக்குள்ளயா அம்புட்டுப் படமும் இருக்கு?"

"இதுக்குள்ள இல்ல. நெட்டுல இருந்து வரும்."

தவசி டிவியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை. வேலி வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

ஜெகதீஸ்வரி தான் பாதியில் விட்டிருந்த ஒரு கொரியத் தொடரைப் போட்டாள். துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக்கடை நடத்தும் அக்காள் தங்கை கதை, தமிழில் பேச வைத்திருந்தார்கள். முருகலட்சுமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்ததால் தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். திரையில் அக்காக்காரி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அவள் காலுக்குக் கீழே வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

"நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் மீன் சமைக்கவில்லை."

முருகலட்சுமி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அந்த வரி மறைந்து அடுத்தது வந்தது. "நான் போனதே மீன் வாடை பிடிக்காமல்தான்." திரையில் இருவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் சிரித்தாள். அவர்கள் சிரித்த அதே நேரத்தில் சிரித்தாள்.

ஜெகதீஸ்வரி காட்சியை ஓட்டிவிட ரிமோட்டை எடுத்தபோது அம்மாவின் ஈரக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இத யாரு எழுதுறா?"

"எதம்மா?"

"இந்தா, கீழ எழுதுறாகளே. அவ பேசப் பேச எழுத்து வருதே. எங்க உக்காந்து எழுதுறாக?"

ஜெகதீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாஸ்டல் அறையில் மற்றவர்கள் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டு இந்த எழுத்தைப் போட்டுத்தான் அவள் படம் பார்ப்பாள். இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். இது அம்மாவுக்கு ஆகும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பிறகு அம்மாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"முன்னாடியே எழுதி வச்சிருவாகம்மா. நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவாக."

"யாருக்காக?"

"காது கேக்காதவுகளுக்காக."

முருகலட்சுமி திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "என்னைய மாதிரி அம்புட்டுப் பேரா இருக்காக?"

அவளுக்குத் தெரிந்து காது கேட்காதவர் இன்னும் ஒரே ஒருவர்தான். வீரசோழன் சந்தையில் பாய் விற்பவர். அவரோடு பேசியது கிடையாது. தூரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக் கையை ஆட்டிக்கொள்வார்கள். தன்னைப் போன்றவர்களுக்காகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதச் சொல்லும் அளவுக்கு ஒரு கூட்டம் எங்கோ இருக்கிறது என்பது, கொரியாக்காரி தமிழ் பேசுவதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

பொங்கல் முடிந்து மகள் ஊருக்குப் போனாள். ரிமோட்டும் முருகலட்சுமியும் மிஞ்சினார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சிலசமயம் திரும்பிவர வழி தெரியாமல் முழுசாக அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஆடு மேய்ந்து திரும்பும் வரை வீட்டில் இதே வேலையாக இருந்தது.

ஒரு விஷயம் அவளைக் குடைந்தது. தமிழ்ப் படம் போட்டால் பாதிக்கு மேல் கீழே இங்கிலீசு எழுத்துத்தான் வந்தது. கொரியாக்காரர், இன்னும் எந்தெந்த நாட்டுக்காரரோ எடுத்த படங்கள் சிலவற்றில் அழகாகத் தமிழ் எழுத்து வந்தது. மகளிடம் வீடியோ காலில் கேட்டாள்.

"நம்ம படத்துக்கு எதுக்கு இங்கிலீசு எழுத்து?"

"தமிழ் தெரியாதவுக பாக்குறதுக்கும்மா. தமிழ்க்காரவுகளுக்குத்தான் பேச்சே புரியுமேன்னு விட்டுட்டாக."

"தமிழ் தெரிஞ்சு காது கேக்காத ஆளு இருக்க மாட்டாகளா?"

ஜெகதீஸ்வரி தமிழ் எழுத்து வரும் படங்களாகத் தேடித் தேடி, அம்மாவின் கண்ணில் முதலில் படும்படி கோயம்புத்தூரிலிருந்தே சேர்த்து வைத்தாள். உள்ளூர்ப் படங்களும் சில அதில் இருந்தன. ஆனாலும் முருகலட்சுமி முதலில் முடிக்க நினைத்தது அந்தச் சாப்பாட்டுக்கடை அக்காள் தங்கை கதையைத்தான்.

அதில்தான் அவள் சத்தங்களைக் கண்டுபிடித்தாள்.

பேச்சுக்கு நடுவில் அடைப்புக்குறி போட்டுச் சில வரிகள் வந்தன. யாரும் வாயைத் திறக்காதபோதும் வந்தன. முதலில் வந்தது, "கதவு கிறீச்சிடும் ஓசை." முருகலட்சுமி எழுந்துபோய்த் தன் வீட்டு வாசல் கதவைப் பார்த்தாள். தவசி வரும் வரை காத்திருந்து கேட்டாள்.

"நம்ம கதவு கிறீச்சிடுமா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"வீடு கட்டுன நாள்ல இருந்து."

அவள் கதவை மெதுவாகத் திறந்தாள். "இப்ப?" வேகமாகத் திறந்தாள். "இப்ப?" பாதியில் நிறுத்தினாள். தவசி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, கையால் அளவு காட்டினார். மெதுவாகத் திறந்தால்தான் சத்தம் நீளம் என்று தெரிந்தபோது அவளுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. சத்தம் கேட்கக் கூடாதென்று அவள் இத்தனை காலம் மெதுவாகத்தான் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் "பெருமூச்சு" வந்தது.

"மூச்சு விட்டா அடுத்த ஆளுக்குக் கேக்குமா?"

"பெருசா விட்டாக் கேக்கும்."

"நான் விடுறது கேக்குமா?"

தவசி கொஞ்சம் தயங்கினார். "நல்லாவே கேக்கும்."

"அப்ப உங்கம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

தவசியின் அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் உயிரோடிருந்த காலத்தில் முருகலட்சுமி வாய் திறந்து எதிர்த்துப் பேசியதே இல்லை. அதற்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொள்வாள். தவசி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா அதுக்குத்தான் உன்னைய வைஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

இப்படியே நாளுக்கு ஒன்றாக விசாரணை நடந்தது. மாடு அசைபோடுவது கேட்கும். எறும்பு நடப்பது கேட்காது. துணியை உதறினால் கேட்கும், மடித்தால் அவ்வளவாகக் கேட்காது. உலை கொதித்தால் தட்டு ஆடும், அது கேட்கும். சேலை கட்டும்போது கேட்குமா என்று அவள் கேட்டதற்குத் தவசி வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். ஒருநாள் திரையில் ஆள் யாரும் இல்லை, கடல் மட்டும் இருந்தது. கீழே "அமைதி" என்று வந்தது. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

"ஒண்ணும் கேக்கலேன்னா அதையுமா எழுதணும்?"

தவசி யோசித்தார். "கேக்குறவுகளுக்கு அது தனியாத் தெரியும்."

"எப்படி?"

"தெரியும். அம்புட்டுத்தான்."

முதலில் இந்தக் கேள்விகள் அவருக்குச் சலிப்பாகத்தான் இருந்தன. போகப் போக அவரே நின்று கவனிக்கத் தொடங்கினார். பம்புசெட்டை அணைத்த பிறகு குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு மாதிரி விக்கும் என்று ஒருநாள் அவளிடம் தானாகவே வந்து சொன்னார்.

தொடரில் ஒரு காட்சி. தங்கைக்காரி கடையை மூடிவிட்டுத் தனியாகப் பாத்திரம் கழுவுகிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கீழே, "தனக்குள் மெல்லப் பாடுகிறாள்" என்று வந்தது. முருகலட்சுமி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடையில் வேறு யாருமே இல்லை. யாருக்குப் பாடுகிறாள்? பாட்டு என்றால் கோயிலில் மைக் வைத்துப் பாடுவது, கல்யாண வீட்டில் பாடுவது. கேட்க ஆளில்லாமல் ஒருத்தி எதற்காகப் பாட வேண்டும்? எழுதினவர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தாள்.

சாயங்காலம் முத்துத்தாய் வந்ததும் கேட்டாள்.

முத்துத்தாய் சிரித்தாள். "வேல செய்யிறப்ப எல்லாரும் பாடுறதுதான? ஏன், உன் வீட்டுக்காரரு பாடாததா?"

சொன்ன பிறகுதான் முத்துத்தாய்க்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. முருகலட்சுமி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவுக? இவுகளா?"

"இந்தத் தெருவுக்கே தெரியும்டி. மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்ப, வேலி அடைக்கிறப்ப எந்நேரமும் பாட்டுத்தான். சினிமாப் பாட்டும் இல்ல. அவராக் கட்டிக்கிறது. ஆட்டப் பாடுவாரு, பஸ்ஸப் பாடுவாரு..." முத்துத்தாய் நிறுத்தினாள். இனி மறைத்தும் பயனில்லை என்று, "உன்னையும்தான் பாடுவாரு" என்றாள்.

"என்னையவா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்."

முருகலட்சுமி அதற்குமேல் கேட்கவில்லை. கல்யாணமாகி, மகள் வேலைக்குப் போகும் அளவுக்கு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் பாட்டு ஒன்று இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது.

மறுநாள் மதியச் சோறு கொண்டுபோகும்போது வழக்கமான வண்டிப்பாதையை விட்டுவிட்டு, சீமைக்கருவேல மரங்களுக்குள் புகுந்து, மிளகாய்க் காட்டின் பின்பக்கமாகப் போனாள். தவசி குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தார். அவள் நின்று முதுகைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் தலை இடதுபக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டு அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறாள். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டிருக்கிறாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. வார்த்தை நீண்டு வளைந்து போனதால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. நடுவில் தன் பெயர் மட்டும் தெரிந்தது. தவசி நிமிர்ந்தார், வாய் திறந்தபடியே நின்றது.

"நிப்பாட்டாதீக. பாடுங்க."

"என்ன பாட்டு? ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல. அந்த வார்த்தையை அவள் ஏழு வயதிலிருந்து எல்லோர் உதட்டிலும் பார்த்திருக்கிறாள். கூட்டம் சிரிக்கும்போது என்னவென்று கேட்டால் வரும் பதில் அது. தவசியின் உதட்டில் அதுவரை பார்த்ததில்லை. சோற்று வாளியை வரப்பில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில நாட்கள் வீடு அப்படித்தான் இருந்தது. தவசி மண்கட்டி போட்டால் பொறுக்கி வெளியே எறிந்தாள். விளக்கை அணைத்துப் போட்டால் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். டிவி மட்டும் பார்த்தாள். கடைசியில் தவசி ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து டிவிக்கு முன்னால் போட்டு, திரையை மறைத்து உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பட்டினி கெடக்குறவுக முன்னாடி உக்காந்து சோறு திங்கிற மாதிரி இருந்துச்சு. அதான் உன் முன்னாடி பாடல. வேற ஒண்ணும் இல்ல."

முருகலட்சுமி கண்ணை மூடவில்லை.

"எனக்குப் பசிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

தவசி தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கல" என்றார். அதைத் தலையைக் குனிந்தபடியே சொன்னதால் அவள் அவர் நாடியைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி சொல்லச் சொன்னாள்.

பாடிக் காட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அவள் முகத்துக்கு நேராகப் பாட அவரால் முடியவில்லை, வெட்கம் வந்து உதட்டை மூடியது. பாடிய கொஞ்சமும் அவளுக்கு விளங்கவில்லை. பேச்சென்றால் உதட்டில் பிடித்துவிடுவாள். பாட்டில் ஒரு எழுத்தை இழுத்துக்கொண்டே போனால் எதைப் பிடிப்பது? எழுதிக் காட்டலாமென்றால் தவசி பெயர் எழுதுவதோடு சரி.

அப்போதுதான் அவளுக்கு ரிமோட்டில் இருந்த மைக் படம் ஞாபகம் வந்தது. எல்லாப் பொத்தானும் பழகிவிட்டது, அதை மட்டும் அழுத்தினால் ஏதோ ஒன்று திரையில் வந்து நின்று போய்விடும். மகளுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டாள்.

"அத அமுக்கிக்கிட்டுப் பேசுனா, பேசுனத எழுத்தாப் போடும்மா. படம் தேடுறதுக்கு. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்" என்று அணைத்துவிட்டாள்.

முதலில் அவளே சோதித்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்தி, தெளிவாகத் தன் பெயரைச் சொன்னாள். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "முறுக்கு செய்வது எப்படி" என்று எழுதியது. கீழே வரிசையாக முறுக்கு. மறுபடியும் சொன்னாள். "மூக்கு அடைப்பு" என்றது. மூன்றாவது தடவை ஒன்றுமே எழுதவில்லை. அவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தன் குரல் மற்றவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அவள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் பேசுறது இப்படியா இருக்கு?"

"அதுக்குப் பழக்கமில்ல" என்றார் தவசி. "எனக்குப் பழக்கம்." ரிமோட்டை அவள் மடியிலிருந்து எடுத்தார். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், அப்படியென்றால்தான் பாட்டு வந்தது. பொத்தானை அழுத்திப் பாடினார். அவள் திரையைப் பார்த்தாள்.

"உப்பு போட மறந்துட்டா முருகா லட்சுமி" என்று எழுத்து ஓடிவந்தது. அடுத்த நொடியே திரை முழுக்க முருகன் பக்திப் பாடல்களும், ரத்தக்கொதிப்புக்காரர்கள் உப்பில்லாமல் சமைப்பது பற்றி ஒரு டாக்டர் பேசுவதும் வந்து நின்றன.

முருகலட்சுமிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் தவசி திரும்பிப் பார்த்தார், திரையைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். வாசலில் முத்துத்தாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன்பின் அவள் விடவில்லை. ஒரு வரிதான் ஒரு தடவைக்குப் பிடிக்கும் என்பதால் துண்டு துண்டாகப் பாடவைத்தாள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவள் டிரைவரைத் திட்டினது பாட்டாக இருந்தது. கிடா முட்டி அவள் விழுந்தது இருந்தது. அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேலை எடுத்து, வீட்டுக்கு வந்து நிறம் பிடிக்காமல் மறுபடி போனது இருந்தது. திரை பாதியைத் தப்பாகத்தான் எழுதியது. கிடாவைக் கிட்டார் என்றது, பஸ்ஸை யாரோ பசுபதி என்றது. சரியாக எழுதிய ஒன்றை மட்டும் அவள் அழிக்காமல் நெடுநேரம் வைத்திருந்தாள். "கண்ண மூடிக்கிட்டா வீடெல்லாம் இருட்டு." அதற்கு ஏற்றபடி கரண்டு பில்லைக் குறைப்பது எப்படி என்று கீழே படங்கள் வந்திருந்தன.

"இது எப்பப் பாடுனது?"

"நீ ஒவ்வொரு தடவ மூடுறப்பவும்."

அடுத்த நாள் காலையிலேயே கோயம்புத்தூரிலிருந்து வீடியோ கால் வந்தது. டிவியில் போட்டிருப்பது ஜெகதீஸ்வரியின் கணக்கு என்பதால், தேடியதெல்லாம் அவள் போனிலும் போய் நின்றிருந்தது.

"அம்மா, அப்பாவுக்குப் பிரஷர் ஏதும் இருக்கா? என்கிட்ட மறைக்கிறீகளா? உப்பில்லாச் சமையலாத் தேடியிருக்கீக. ஒரே சாமிப் பாட்டா வேற இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா."

முருகலட்சுமி போனைத் தவசியிடம் நீட்டினாள். "நீங்களே பாடிக் காட்டுங்க."

இப்போது நெடுங்கரையில் தவசி மறைத்துப் பாடுவதில்லை. அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அரை முகம் தெரிகிற மாதிரி பாடுகிறார். அந்த அளவுக்குத்தான் வெட்கம் விட்டிருக்கிறது. முருகலட்சுமி சில பாட்டுக்குத் திருத்தம் சொல்கிறாள். சேலை விஷயத்தில் நிறம் பிடிக்காமல் போனது தனக்கு அல்ல, அவருக்குத்தான் என்று அடித்துச் சொல்லி, அந்த வரியை மாற்றவைத்துவிட்டாள். அக்காள் தங்கை தொடர் முடிந்துவிட்டது. வேறு தொடர் பார்க்கிறாள், ஆனால் பாதியில் எழுந்து வெளியே போவதும் உண்டு. டிவியில் வராத சத்தங்களைப் பற்றியும் அவளுக்குச் சந்தேகங்கள் வர ஆரம்பித்திருந்தன.

பங்குனி வெயிலில் களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். முருகலட்சுமி காலால் கிளறிவிட்டுக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"இதுக்குச் சத்தம் இருக்கா?"

"வத்தலுக்கா? வத்தலுக்கு என்ன சத்தம்?"

"கேட்டுப் பாத்திருக்கீகளா?"

தவசி இல்லையென்று தலையாட்டினார். சின்ன வயதிலிருந்து மிளகாயோடு கிடப்பவர், அப்படி ஒன்றைச் செய்ததில்லை. தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நன்றாகக் காய்ந்த ஒன்றைப் பொறுக்கி, காம்பைப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். அவர் முகம் மாறியதை முருகலட்சுமி பார்த்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது. உள்ள வெத உருளுது."

"எப்படி இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார், சொல்லத் தெரியாமல் மூடினார். அரைகுறையாகக் காய்ந்த இன்னொன்றை எடுத்து ஆட்டினார். அதில் கேட்கவில்லை. வேறொன்றை எடுத்தார். முருகலட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாக அவர் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.